ஒன்று, ஒன்று, இரண்டாயிரத்து ஆறு

கோலக்கெட்டில் பெரிய சாலை,
பல் டாக்டருக்கும் லாட்டரிக் கடைக்கும் நடுவே
கைப்பேசி பழுது பார்க்கும் என் கடை, ஆறடி அகலம்.
இன்பவள்ளி வந்தபோது மழை.
பிளாஸ்டிக் பையைப் பிரித்தாள், உள்ளே இன்னொரு பை,
அதற்குள் பூச்சு உரிந்த காமிரா.
பிடிக்கும் இடத்து ரப்பர் உருகி
பலாப் பால் போல விரலில் ஒட்டியது.

"படம் நல்லாத்தான் விழுது. தேதிதான் விழமாட்டேங்குது."

செம்பனைக் குலை எண்ணுகிறவள்.
ரேம்ப்பில் கொட்டுமுன் தினமும் வரிசையாகப் படம் எடுக்கிறாள்,
ஆபீஸ் கணக்கில் குலைகள் குறைந்துபோவதால்.
மதியம் பேட்டரி தீரும். பென்சில் பேட்டரி இரண்டு,
எந்த மளிகைக் கடையிலும் கிடைக்கும்.
மாற்றிய கணமே காமிரா எல்லாம் மறந்து கேட்கும்:
என்ன தேதி?
சேற்றுக் கையோடு யார் அமுக்கிக்கொண்டிருப்பது.
ஆக எல்லாக் குலையும் ஒரே நாளில் வெட்டப்பட்டவை,
ஒன்று, ஒன்று, இரண்டாயிரத்து ஆறு.
கிராணி சிரித்தாராம்:
"அன்னிக்கு இந்த மரத்துக்குக் கன்னே நடலியேம்மா."

கைப்பேசியில் எடுக்கலாமே என்றேன், என் பிழைப்பு அது.
"ரெண்டு போனு வாய்க்கால்ல போச்சு.
இதுவும் ரெண்டு தடவை விழுந்துச்சு. எந்திரிச்சிருச்சு."

ஏழு திருகாணி. எட்டாவது ஸ்டிக்கருக்கு அடியில்,
திறக்காதே என்று சொல்லாமல் சொல்வதற்கு.
கழற்றியதைக் கழற்றிய வரிசையில்
நாட்காட்டித் தாளின் பின்பக்கம் ஒட்டினேன்.
பிளாஷுக்குப் பக்கத்தில் குட்டி உருளை,
அணைத்து வைத்த காமிராவிலும் கடிக்கும்.
கடித்தது. முழங்கை வரை.
அடித்தட்டில், உளுந்தைவிடக் கொஞ்சம் பெரிதாய்,
கடிகாரத்துக்குச் சோறு போடும் செல்.
மாற்ற வழியில்லாமல் ஈயம் வைத்துப் பற்றவைத்திருந்தார்கள்,
காமிராவுக்கு முன்னால் அது சாகாது என்று
யாரோ எழுதிக் கொடுத்த மாதிரி.
செய்த கம்பெனியோ காமிரா செய்வதையே விட்டுவிட்டது.

சுங்கைப்பட்டாணி பழைய சாமான் தவுக்கேயிடம்
அதே மாடல் ஒன்று லென்ஸை நீட்டியபடி விறைத்துக் கிடந்தது.
எட்டு வெள்ளி.
அதன் செல்லைப் பெயர்த்து இதில் வைத்தேன்.
காலி.
காலியாகாமல்? ஒரே வருசத்தில் பிறந்தவை.
ஒன்றின் ஈரலை மற்றதற்கு வைத்தால்
ஈரலுக்கும் அதே வயதுதானே.

அப்புறம்தான் வெட்கத்தை விட்டேன்.
மயிரிழைக் கம்பி இரண்டு.
மின்சாரம் திரும்பிப் போகாதபடி ஒரு டயோடு.
உடம்பில் ஓட்டை போட்டு வெளியே இழுத்து,
பொத்தான் பேட்டரி உட்காரக் கிண்ணம், பசை வைத்து.
அசிங்கமாகத்தான் இருந்தது, கன்னத்தில் கட்டி வந்தது போல.
ஆனால் தீர்ந்தால் நகத்தால் நெம்பி
இன்னொன்று போட்டுக்கொள்ளலாம்.
என்னைத் தேடி வர வேண்டாம்.

இரவு ஏழே முக்காலுக்கு வந்தாள்.
காமிரா கேட்டது: என்ன தேதி?
எந்தத் தேதியும் வைக்கலாம்க்கா, போன மாசம்கூட
என்று சும்மா சொல்லிப் பார்த்தேன்.
பதில் இல்லை.
என் திருகாணி டப்பா திறந்து கிடந்தது, அதை மூடி வைத்தாள்.
"ஆபீஸ் கடிகாரத்துக்கு வைக்காதே,
காலையில முந்தும், சாயங்காலம் பிந்தும்.
எட்டு மணிச் செய்திக்கு வை."

எதிரே மாமாக் கடை டிவியில் சவர்க்கார விளம்பரம்.
நாள், மாதம், வருடம், எட்டு, சுழி சுழி, எல்லாம் தயார்.
பொத்தான் மேல் என் கட்டைவிரல்.
ரொட்டிக்கு மாவு அடிக்கும் சத்தம்.
இன்னொரு விளம்பரம், ஷாம்பு.
இன்னொன்று.
கட்டைவிரல் வியர்க்கிறது.
செய்தி இசை. அழுத்தினேன்.

லென்ஸ் நறநறவென்று வெளியே வந்தது.
முதல் படம் என்னைத்தான் எடுப்பாள் என்று
முடியைச் சரிசெய்துகொண்டேன்.
ரசீதை எடுத்தாள். பதினெட்டு வெள்ளி.
எண் தெளிவாக விழுந்திருக்கிறதா என்று
பெரிதாக்கிப் பார்த்துவிட்டு
ஒரு பைக்குள் போட்டுக் கட்டினாள்,
அதை இன்னொரு பைக்குள்.