பச்சைச் சீட்டு

ஜுபைலில் ஷட்டவுன், பதினோராம் நாள்.
டவரைச் சுற்றி முப்பத்திரண்டு மீட்டருக்குச் சாரம்.
ஏணிக்கடியில் தொங்க வேண்டிய சீட்டு
என் சட்டைப் பையில்.
ஒரு பக்கம் பச்சை, மறுபக்கம் சிவப்பு.

இன்னாசிமுத்து சொன்னார்:
"நேத்தும் இதே சாரந்தான். இருபது பேர் ஏறி இறங்கினாங்க.
ஒண்ணும் ஆகல. அதனால கையெழுத்தப் போடு."

சாரத்தைப் பார்ப்பதுபோலத்தான் பேச்சையும் பார்ப்பேன்,
கீழேயிருந்து.
நேற்று ஏறினார்கள்: இந்தக் குழாய் நிற்கிறது.
ஒன்றும் ஆகவில்லை: தட்டினால் நல்ல ஓசை.
'அதனால' என்பது பலகை.
அதன் மறுமுனை எதன்மேல் உட்கார்ந்திருக்கிறது?
நேற்றுபோலவே இன்றும் இருக்கும் என்ற,
அவர் வாய்விட்டுச் சொல்லாத ஒரு குழாய்மேல்.
ராத்திரி முழுக்க ஷமால் அடித்தது.
ஆறாம் தட்டில் ஒரு கிளாம்ப் நட்டு
விரலால் தொட்டாலே சுற்றுகிறது.

"எல்லாரும் இப்படித்தான் போடுறாங்க."
எல்லாரும் சேர்ந்தாலும் அந்த நட்டு இறுகாது.
"நீ என்ன பெரிய யோக்கியனா?"
இல்லை. ஆனால் அதற்கும் நட்டுக்கும் என்ன?
"ஒரு நாள் லேட்டானா கம்பெனிக்கு எவ்வளவுன்னு தெரியுமா?"
இதற்கு மட்டும் உடனே பதில் வரவில்லை.
பணமும் ஒரு காரணந்தான்.
என் மகளின் ஸ்கூல் ஃபீஸ் அதிலிருந்துதான் போகிறது.
தராசில் வைக்கலாம்.
ஆனால் எதிர்த்தட்டில் காளீஸ்வரனின் முதுகெலும்பை
அவனைக் கேட்காமல் எடுத்து வைக்க நான் யார்?

சிவப்பைத் தொங்கவிட்டேன்.
கீழே நின்றவன் வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிச் சிரித்தான்.
என் கட்டிலுக்கு மேல்கட்டில் அவனுடையது.

மூன்றரைக்கு, நிழலில், லபன் பாட்டிலைத் திறந்தபோதுதான்
உறைத்தது.
போன மாதம் ஃபிளேர் பக்கம் இதே மாதிரி ஒரு நட்டு.
பச்சை போட்டேன்.
ஏறியவர்கள் நேபாளக்காரர்கள், நாலு பேர்.
ஹெல்மெட் எண் மட்டுந்தான் தெரியும்.

ஒன்றும் ஆகவில்லையே என்றேன் எனக்குள்.
சொன்ன வாய் அப்படியே நின்றது.
இன்னாசிமுத்துவின் பலகை.
அதே முனை.

அப்படியென்றால் காலையில் எதைப் பார்த்துச் சிவப்புப் போட்டேன்,
நட்டையா, அந்தச் சிரிப்பையா?
காளீஸ்வரன் என்ற பெயரைக் கழற்றிவிட்டு
அங்கே வெறும் எண்ணை மாட்டினால்
என் நியாயம் நிற்குமா?
பிடித்து ஆட்டிப் பார்த்தேன்.
ஆடியது.

பழைய ரெஜிஸ்டரைக் கேட்டு வாங்கினேன்.
தில் பகதூர் தமாங். ஹர்க்க லிம்பு.
மற்ற இரண்டு பெயரும் வியர்வையில் கரைந்திருந்தன.
அடியில் என் கையெழுத்து மட்டும் தெளிவாக.

சேஃப்டி ஆபீஸ் நாலரைக்கு மூடும்.
மணி நாலு பத்து.
லபன் கையிலேயே சூடாகிக்கொண்டிருக்கிறது.