இருபது நிமிடம்

இருபது நிமிடம் ஒழுங்காக ஓடும்.
பிறகு கை தூக்காது,
ரப்பர்ப் பட்டைகள் இழுக்காது,
பம்பு மட்டும் முனகும்
கூழாங்கல்லை மெல்வதுபோல.
அணைத்துவிட்டு ஒரு காபி குடித்து வந்தால்
மறுபடி இருபது நிமிடம்.

ஆர்லோ ட்வைட் தொலைபேசியில் சொன்னதில்
தகவல் இவ்வளவுதான்.
மீதி வசவு:
லோடரை விற்றவனுக்கு,
நாலாயிரம் டாலர் கொடுத்து மாற்றிய பம்புக்கு,
வடக்கு டகோட்டாவின் பிப்ரவரிக்கு.

நான் போய் இறங்கியபோது
பூஜ்யத்துக்குக் கீழே பதினெட்டு.
மாட்டுக் கொட்டகை வாசலில்
வாளி நிறையச் சாணத்தோடு
சொல்ல வந்ததை மறந்தவன்போல் நின்றிருந்தது வண்டி.
உள்ளே தள்ளி, ஒரு மணி நேரம் சூடு காட்டினேன்.
குளிரில் எண்ணெய் பாகாய் நிற்கும்.
குளிரின்மேல் பழி போடுவது சுலபம்,
அது பதில் பேசாது.

முதலில் கசிவு.
குழாயைக் கையால் தடவிப் பார்க்க மாட்டேன்.
சதுர அங்குலத்துக்கு மூவாயிரம் பவுண்டு.
கண்ணுக்குத் தெரியாத துளையிலிருந்து வரும் எண்ணெய்
கையுறையிடமும் அனுமதி கேட்காது
தோலிடமும் கேட்காது.
வலக்கைச் சுட்டுவிரலின் முதல் கணுவை
ஒரு ஆகஸ்டில் அதற்குத்தான் கொடுத்தேன்.
இப்போது பீட்சா டப்பாவின் மூடியை நீட்டுகிறேன்.
அட்டை காய்ந்தே இருந்தது.

பிறகு இரண்டு மீட்டர்கள்.
ஒன்று பம்பு தள்ளும் பக்கம்,
ஒன்று அது உறிஞ்சும் பக்கம்.
அந்த இரண்டாவதை
இதுவரை யாரும் மாட்டியதில்லை.

பதினாறு. பதினேழு.
ஆர்லோ பேசிக்கொண்டே இருந்தார்.
பதினெட்டில் உறிஞ்சும் பக்கத்து முள்
சத்தமில்லாமல் ஏறத் தொடங்கியது.
அதற்குப் பிறகுதான் மற்றது விழுந்தது.

"புதுப் பம்பும் போச்சா?"
"பம்புக்கு ஒன்றுமில்லை.
பசியில் கத்துகிறது."

தொட்டியை வடித்தேன்.
வெல்டிங் கம்பியை வளைத்துக் கொக்கியாக்கி
டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு
அடியில் துழாவினேன்.
ஏதோ மெத்தென்று மாட்டியது.
இழுத்தேன்,
எண்ணெய் சொட்டச் சொட்ட
ஒரு முழம் துணி வந்தது.
சிவப்பும் கறுப்புமாய்க் கட்டம் போட்டது.

வண்டி ஓடினால் இது நகர்ந்து நகர்ந்து போய்
உறிஞ்சும் வாயை மூடும்.
அணைத்தால் வாயை விட்டு அடியில் படுக்கும்.
ஒரு குற்றவாளிக்கு இவ்வளவு ஒழுங்கா.

"எந்த மடையன் வேலை இது?" என்றார் ஆர்லோ,
என்றபடி வாளியை எடுக்கக் குனிந்தார்.
கோட்டு மேலேறியது.
சட்டையின் பின்தொங்கலில்
ஒரு முழம் இல்லை.
சிவப்பும் கறுப்புமாய்க் கட்டம்.
தன் முதுகு தனக்குத் தெரியாது.

காபி கொண்டுவந்த கொரின்
துணியைப் பார்த்தாள், முதுகைப் பார்த்தாள்.
"நவம்பரிலிருந்து
எலி கடித்ததென்று நினைத்துக்கொண்டிருக்கிறேன்.
பதினோரு பொறி வைத்திருக்கிறேன், ஆர்லோ."

அவர் நிமிர நேரமாயிற்று.
பனி கொட்டியது என்றார்.
மூடி எங்கோ உருண்டுபோனது,
இரண்டாவது டின்னை எடுத்து வருவதற்குள்
எண்ணெயில் பனி விழக் கூடாதே என்று
கிழித்துத் திணித்தேன் என்றார்.
திணித்ததுவரை நினைவிருக்கிறது.

கொட்டகை மூலையில் பழைய பம்பு கிடந்தது,
ஒரு தப்பும் செய்யாமல் வேலை போனது.
யாரும் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

எண்ணெய் புதிது, வடிகட்டி புதிது.
ரசீதில் காரணம் என்ற கட்டத்தில்
'தொட்டியில் அந்நியப் பொருள்' என்று எழுதினேன்.
அந்நியம் என்ற இடத்தில்
பேனா கொஞ்சம் தயங்கியது.

பிறகு முடுக்கிவிட்டு மூவரும் நின்றோம்,
கடிகாரத்தைப் பார்க்காததுபோல் பார்த்துக்கொண்டு.
இருபத்தோராம் நிமிடம்
வாளி நிறையச் சாணத்தோடு
கை உயர்ந்தது, உத்தரம்வரை.

கொரின் மட்டும் அதைப் பார்க்கவில்லை.
சுவரோரம் மண்டியிட்டு
முதல் எலிப்பொறியின் ஸ்பிரிங்கை
மெல்ல, விரல் படாமல்
விடுவித்துக்கொண்டிருந்தாள்.