ஐகானாகக் காட்டு

லியெபாயாவில் மார்ச் மாதத்தையும்
பனிக்காலத்தில்தான் சேர்க்கவேண்டும்.
வெப்ப நிலையத்தின் மூன்றாம் மாடியில்
ஜன்னலிடுக்கில் காற்று ஊளையிட
அறிக்கையின் பதினோராம் பக்கத்தில்
ஓர் அட்டவணையோடு மல்லுக்கட்டுகிறேன்.

தள்ளினால் நகராது.
நகர்ந்தால் பத்தியையும் இழுத்துக்கொண்டு போகும்.
உரையைச் சுற்றிவர விட்டால்
வரிக்கு இரண்டு சொல்லாக
ஓரத்தில் ஒண்டுகிறது வாக்கியம்,
நெரிசல் பேருந்தில் ஒற்றைக்காலில் நிற்பவரைப் போல.
உரைக்குப் பின்னால் அனுப்பியதும்
எண்கள்மேல் எழுத்து ஏறி
இரண்டையும் படிக்க முடியவில்லை.
ஒரு கணம் அதுவே சரி என்றும் தோன்றியது.

மூலையைப் பிடித்து இழுத்தேன்.
எட்டும் ஒன்பதும் ஊதிப் பருத்தன.
"ஷிஃப்டை அழுத்திக்கொண்டு இழு" என்றான்
எதிர்மேசை அர்விட்ஸ்,
கெஃபிர் குடித்தபடி, தலை நிமிராமல்.

குந்தார்ஸ் வந்தார்.
கோட்டைக் கழற்றவில்லை.
"பார்க்க நன்றாக இல்லையே" என்றார்.
அட்டவணையில் இருப்பவை
கரோஸ்தாவின் ஐந்துமாடிக் குடியிருப்புகள்.
பாக்கி வைத்த இருநூற்றுப் பன்னிரண்டு கதவுகள்.
ஏப்ரலுக்கு முன்பே
வெந்நீர்க் குழாயை மூடவேண்டிய வரிசை.
"ஓரக்கோட்டை எடு. சாம்பல் நிறம் கொடு.
ஏழு வரி தெரிந்தால் போதும்."

செதுக்கினேன்.
மேலிருந்து கொஞ்சம், கீழிருந்து நிறைய.
கறுப்புக் கொக்கியை உள்ளே தள்ளத் தள்ள
கதவுகள் ஒவ்வொன்றாய்ச் சாத்திக்கொண்டன.
நாற்பத்தாறு: வெல்டா ஸ்ப்ரோகே, இரண்டு குழந்தைகள்.
நாற்பத்தேழு: பெயர்க் கட்டம் காலி.
குறிப்பில் மட்டும் "ஆக்சிஜன் இயந்திரம்."
அதைத் தட்டச்சியவள் நான்தான்,
நவம்பரில், தொலைபேசியைத் தோளில் இடுக்கிக்கொண்டு.
மறுமுனையில் பேசியவரைவிட
பின்னால் ஓடிய அந்த மோட்டாரின் மூச்சுத்தான்
நன்றாகக் கேட்டது.

நாற்பத்தேழில் கொக்கி சற்று நின்றது.
பிறகு அதையும் தாண்டியது.
சம்பளம் வாங்கும் கை.

மாலையில் குந்தார்ஸ் மறுபடி:
"ஏழு வரியும் வேண்டாம். ஐகானாகக் காட்டு."
ஒரு கட்டத்தில் ஒரு டிக்.
இருநூற்றுப் பன்னிரண்டு கதவும்
கட்டைவிரல் நக அளவுக்கு
ஒரு பச்சைக் காகிதமாயின.
அடியில் என்ன பெயர் என்று கேட்டது.
இணைப்பு மூன்று என்று எழுதினேன்.
பக்கம் இப்போது
எண்ணெய் தடவி வாரிய தலைபோல் இருந்தது.

ஒன்றை நான் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை.
செதுக்கினால் எதுவும் வெட்டுப்படுவதில்லை;
மறைகிறது, அவ்வளவுதான்.
அச்சடித்துக் கொடுத்தால் கதை முடிந்தது.
ஃபைலாகக் கொடுத்தால்
குடியிருப்பு முழுவதும் உள்ளே விழித்திருக்கும்.
வெறும் படமாக ஒட்டவும் ஒரு வழி உண்டு.
எனக்குத் தெரியும்.
அன்று வீட்டுக்குக் கிளம்பும் அவசரம்.

வியாழக்கிழமை நகரசபை.
திரையில் பதினோராம் பக்கம்.
"சரி, அடுத்தது" என்று
மவுஸைத் தன் பக்கம் இழுத்தார் ஹாரால்ட்ஸ் பூமானிஸ்,
துறைமுகத்துக்குக் கப்பல்களை வழிநடத்தி வந்தவர்,
எண்பத்தொரு வயது.
நடுங்கும் விரலுக்கு
ஒருமுறை மட்டும் கிளிக் செய்ய வராது.

திரை வெளுத்தது.
பிறகு திறந்தது, முழு அகலத்துக்கும்,
கடைசியாக நான் கர்சரை விட்டுவந்த கட்டத்தில்.

மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி
மெல்ல எழுத்துக்கூட்டினார்:
"ஆக்...சிஜன். இது என்ன?"

குந்தார்ஸ் என்னைப் பார்த்தார்.
நான் தண்ணீர்க் குவளையைப் பார்த்தேன்.
சுவரோர ரேடியேட்டரில்
எங்கோ ஒரு குமிழி
டக்கென்று உடைந்தது.