வயசுக்கு வந்த மறதி

அரிசி புடைக்கிற அந்தச் சாமானின் பெயர்
நாக்கு நுனிவரை வந்து
திரும்பிப் போய்விட்டது.
ஆள் காத்து நிற்கிறார்.
வெறுங்கையால் காற்றைப் புடைத்துக் காட்டினேன்.
"சுளகோ அக்கா?" என்றாள் செல்வநிதி,
ரசீதைக் கிழித்தபடி.

மல்லாவிக் கூட்டுறவுக் கடையில்
இடம்பெயர்ந்த காலம் கழித்துப் பத்தொன்பது வருடம்
உரமூட்டைக் கணக்கை மனதிலேயே கூட்டியவள் நான்.
இப்போது
பெட்டகச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு
பெட்டகச் சாவியைத் தேடுகிறேன்.

எல்லாருக்கும் காரணம் தெரிந்திருக்கிறது.
"அவ மாத்தளனுக்குள்ளாலை வந்தவ" என்று
குரலைத் தாழ்த்துகிறார்கள்.
நிறுவனத்துப் பிள்ளை
கண்ணை மூடி மூச்சை எண்ணச் சொன்னாள்.
முப்பத்தேழில் எண்ணிக்கை தவறியது.
அதையும் யுத்தம் என்றே எழுதிக்கொண்டாள்.

கிளிநொச்சி ஆஸ்பத்திரியில்
டொக்டர் மிதுலா கேட்டது வேறு.
"மாதத்தீட்டு எப்ப நிண்டது?"
போன சிறுபோகம், சூடடிச்ச கிழமை.
"இரவில வேர்க்குதோ?"
தலகணியைப் பிழிஞ்சால் ஒரு சிரட்டை.
"நித்திரை?"
ஆர் கண்டது.

ஈஸ்ட்ரஜன் என்றொரு சுரப்பு.
பிள்ளைப்பையோடு நிற்காமல்
தலைக்குள்ளும் அதற்கு உத்தியோகமாம்:
சொல்லை எடுத்துக் கொடுப்பது,
வைத்த இடத்தைக் காட்டுவது.
இப்போது வேலையை விட்டுப் போகிறதாம்.
"கொஞ்ச நாளில மூளை பழகிக்கொள்ளும், அநேகமா."
அந்த அநேகமாவை நான் மறக்கவில்லை.

அது வந்தபோது
பால் அறுகு வைத்துத் தண்ணீர் வார்த்தார்கள்,
பதினொரு தட்டு எடுத்தார்கள்,
மாமி சோடிக் காப்புப் போட்டா.
போகிறபோது
ஒரு துண்டு, ஒரு நம்பர்,
அடுத்த கிளினிக் செவ்வாய்.

மாங்குளச் சந்தி தாண்ட பஸ்ஸுக்குள் சிரிப்பு வந்தது.
பக்கத்துச் சீட்டுக்காரி சற்றுத் தள்ளி இருந்தாள்.
செல் ஒன்றே விழாத ஊர்களிலும்
நாற்பத்தொன்பது வயதுப் பெண்கள்
இடுப்பில் கிடக்கிற சாவியைத் தேடுகிறார்களாம்.
ஒருத்தரும் சுடாமல்
வெறும் வயசால்
எனக்கும் ஒன்று நேர்ந்திருக்கிறது.
ஒரே வகுப்பில் இருந்த கௌரிமனோகரிக்கு
முப்பத்தைந்துக்கு மேல் வயசே வரவில்லை.

அந்த பங்கர் மண்ணின் நிறம்,
அவள் கடைசியாகக் கேட்ட வாய்த்தண்ணீர்,
அவை வைத்த இடத்திலேயே இருக்கின்றன.
போகிற சுரப்பு
அவற்றை ஏன் கொண்டுபோகவில்லை என்று
டொக்டரிடம் கேட்க நினைத்திருந்தேன்.
மறந்துபோனேன்.

செவ்வாய்க்கு முதல் எழுதி வைக்க வேணும்,
உர ரசீதின் பின்பக்கம்,
சுளகுக்குக் கீழே.