ஐந்தரை மணிக் குழாய்

பெரியாஸ்பத்திரியில்
எலும்பு வார்டுக்கும் சலவைக் கட்டடத்துக்கும் நடுவே
ஒரு சிமெண்டுத் தொட்டி, நாலு குழாய்.
இரண்டில்தான் தண்ணீர் வரும்.
ஐந்தரைக்கெல்லாம்
வாய் திறக்காத ஜனம் வரிசையில் நிற்கும்.

இங்கே யாரும் யார் பெயரையும் கேட்பதில்லை.
சிறுநீரகம், ரெட்டைப் பிரசவம், இடுப்பெலும்பு
என்றுதான் கூப்பிட்டுக்கொள்கிறோம்.
நான் தலைக்காயம்.
காயம் எனக்கில்லை, அவருக்கு.

ஆறு நாளில்
எல்லார் பல்லும் எனக்குப் பழகிவிட்டது.
சிறுநீரகத்துக்கு மேலூர்ப் பக்கம்.
நாக்கை வழித்து அவர் போடும் ஓங்கரிப்பில்
வாதாமரத்துக் காக்கைகள் கலைந்துபோகும்.
ரெட்டைப் பிரசவத்தின் புருஷன்
போனை அக்குளில் இடுக்கிக்கொண்டு
பஸ் கிளம்பிவிட்டது போலத் தேய்ப்பான்.
ஜைத்தூன் அக்காவுக்குக் குழாயே வேண்டாம்,
மிஸ்வாக் குச்சியும் ஒரு கை தண்ணீரும் போதும்.
எங்கள் முறை வருமுன் அவள் டீ வாங்கப் போயிருப்பாள்.
சுங்குடிக் கடைத் துளசிராம்
மகன் வாங்கித் தந்த பேஸ்டைப் பிரிக்கவே இல்லை.
காகிதப் பொட்டலத்தில் உப்பு.
ஆள்காட்டி விரல்.
யாரும் பார்க்காத மாதிரித் திரும்பி நின்று.

கைதி வார்டிலிருந்து ஒருத்தனைக் கூட்டி வருவார்கள்.
வலது கை போலீஸ்காரர் கையோடு.
அவன் இடது கையில் பிரஷ்ஷைப் பிடித்திருக்க
போலீஸ்காரர்தான் பேஸ்டைப் பிதுக்கிவிடுவார்.
ஒருநாள் 'இம்புட்டு எதுக்குய்யா' என்றான் அவன்.
'கவர்மெண்டு காசா, என் காசுடா' என்றார் இவர்.
இருவரும் ஒரே தொட்டியில் துப்பினார்கள்.

முதல் நாள் நானும் விரலால்தான்.
மறுநாள் எதிர்க்கடையில்
நீலம் ஒன்று, பச்சை ஒன்று வாங்கிவிட்டுப்
பாதி ரோட்டில் நின்றேன்.
பச்சை எதற்கு?
அவர் வாயில் குழாய் போட்டிருக்கிறது.

செக்கானூரணியில்
சோணைமுத்து வீட்டுக்குள் பல் தேய்த்ததில்லை.
தோளில் துண்டு, வாயில் பிரஷ்,
டிரான்ஸ்பார்மர் வரை போய்த் திரும்புவார்.
போகிற வழியில் ஆட்டுக்கு விலை கேட்பார்,
தண்ணீர் லாரியை வைவார்,
எனக்கு வேலை சொல்வார்.
எல்லாம் நுரையோடு.
'ஊழ்ழூ ஆய்ழ்ழு' என்றால் துண்டு நனைந்துவிட்டது,
வேறு கொண்டா.
இருபத்திரண்டு வருஷத்தில்
அந்தப் பாஷை தெருவில் எனக்கு மட்டும்தான் புரியும்.

குழாயை எடுத்த அன்று சிஸ்டர் சொன்னாள்:
'வாய்க் கிருமி நெஞ்சுக்கு எறங்கிரும்க்கா.
துணிய விரல்ல சுத்தி நீங்களே தொடைச்சு விடுங்க.'

டியூப் லைட்டுக்குக் கீழே
முதல்முறையாக அவர் வாய்க்குள் பார்த்தேன்.
கடைவாயில் இரண்டு பல் இல்லை.
எப்போது பிடுங்கினார்? கூடப் போனது யார்?
வயிறு சரியில்லை என்று
மூன்று நாள் கஞ்சி குடித்தாரே,
அந்த ஆவணியா?
முன்பல்லுக்குப் பின்னால் புகையிலைக் கறை,
கருப்பு கோவிலில் சத்தியம் செய்ததற்கு
மேலேயே படிந்திருந்தது.
எந்திரிச்சு வரட்டும் என்று
ஒவ்வொரு பல்லாகத் துடைத்தேன்.
கோபம் வந்த இடத்தில் கொஞ்சம் அழுத்தித்தான்.

அப்போதுதான் கடித்தார்.
கண் திறக்கவில்லை. கை அசையவில்லை.
தாடை மட்டும்
எடை மேடையில் லாரி ஏறிய கணக்காய் இறங்கியது.
விரலை உருவி ஓடினேன்.
சிஸ்டர் என் விரலைப் பார்க்கவில்லை,
சீட்டில் எதையோ எழுதினாள்.
'நல்லதுக்கா' என்றாள்.

இன்றைக்கு வலது கை விரல் வீங்கியிருக்கிறது.
கைதி மாதிரி இடது கையால் தேய்க்கிறேன்.
சிறுநீரகம் எட்டிப் பார்த்து
'என்னம்மா, நாய்க்கடியா?' என்கிறார்.
எனக்குச் சிரிப்பு வந்து
பேஸ்ட் மூக்கில் ஏறிக்கொண்டது.
துப்பிவிட்டுச் சொல்லியிருக்கலாம்.
நுரையோடே சொன்னேன்.

அங்கே ஒருவருக்கும் புரியவில்லை.