சந்தை நிலவரம் கேட்டிருந்தீர்கள்

திருமதி ட்சாய்,
மாதிரிகள் இரண்டும் வந்து சேர்ந்தன.
சுங்கத்தில் பதினொரு நாள் கிடந்தன.
இது என்ன துப்பாக்கியா என்று கேட்ட அலுவலருக்கு
அவருடைய பிஸ்கட் பக்கற்றையே சுட்டுக் காட்டினேன்.
பீப்.
சிரித்துக்கொண்டே கையெழுத்து வைத்தார்.

கொழும்பில் எத்தனை கடை என்பது உங்கள் முதலாவது கேள்வி.
எந்தத் தெருவில் நின்று எண்ண?
கெய்சர் வீதியில் ஒரு கதவுக்குள் நாலு கடை.
நாலாவதின் பின்னால் படிக்கட்டு.
படிக்கட்டின் கீழே குந்தியிருந்து பெல்ட் விற்பவனும்
மாதம் தவறாமல் வாடகை கட்டுகிறான்.
உங்கள் படிவத்தில் அவனுக்குக் கட்டம் இல்லை.
ஓரத்தில் எழுதியிருக்கிறேன்.

போட்டியாளர் யார் என்று கேட்டீர்கள்.
ஷென்ஷென் சரக்கு கிலோக் கணக்கில் இறங்குகிறது,
கொரியாச் சரக்கைக் கண்ணாடிக்குள் வைத்திருக்கிறார்கள்.
ஆனால் உண்மையான போட்டியாளர்
நௌபர் நானாவின் தலைக்குள் இருக்கிறார்.
மூவாயிரம் சாமான்,
கிராம்பு முதல் கொசுவர்த்தி வரை.
நான் விசையில் விரலை வைக்குமுன்
அவர் விலையைச் சொல்லிவிடுவார்.
பன்னிரண்டு முறை தோற்றேன்.
கடைப் பையன்கள் கை தட்டினார்கள்.

பதின்மூன்றாவது, பால்மா.
வாயைத் திறந்தார்.
மூடினார்.

காலையில் ஒரு விலை, அசருக்குப் பிறகு வேறொன்று
என்று விற்ற வருஷம் அது, உங்களுக்கும் தெரியும்.
பக்கற்றின் மேல் ஸ்டிக்கர், அதன்மேல் ஸ்டிக்கர்,
நகத்தளவு தடிப்பாகிவிட்டது.
பக்கத்திலிருந்த கறுப்புக் கோடுகள் மட்டும்
அசையவே இல்லை.
கோட்டுக்குள் விலை கிடையாது என்பதை
நீங்கள் எனக்குச் சொல்லித்தர வேண்டாம்.
அங்கே இருப்பது பெயர் மட்டும்.
விலை எங்கேயோ வேறோர் அறையில்
யாரோ ஒருவர் தட்டச்சு செய்வது.

அந்த வருஷம்தான் உங்களிடம் நாற்பது கேட்டேன்.
வங்கியில் டொலர் இல்லை.
'வருந்துகிறோம்' என்று எழுதினீர்கள்,
என் நாற்பதும் சிட்டகொங் போனது.
நான் செட்டியார் தெருவில் சங்கிலியை வைத்தேன்.
அங்கே தராசு. கோடு வாசிப்பதில்லை.

இனித் தொழில்நுட்பம்.
வெள்ளவத்தைக் கடைகளுக்குக் கடல் மிகக் கிட்ட;
உப்புக் காற்று ஆணியைத் தின்கிறது,
உங்கள் ஆணியையும் தின்னும்.
கரண்ட் போனால் நாலு மணித்தியாலம் தாங்கவேண்டும்.
பீப்பின் சத்தத்தைக் குறைக்க வழி வையுங்கள்,
சுவருக்கு அந்தப் பக்கம் பள்ளிவாசல்.
ஈரமான ஐஸ்கிறீம் உறையை வாசிக்கிறது, நல்லது.
தயிர்ச் சட்டியில் வாசிக்க ஒன்றுமில்லை,
அது மண்.

விலையை இரண்டு டொலர் இறக்குங்கள்.
மூன்று டொலர் இறக்கினால் மறுபேச்சில்லை.

நேற்று நானா ஒன்றை வைத்துவிட்டுப் போகச் சொன்னார்,
மூன்று மாதத் தவணைக்கு.
முதல் சாமானாக என்னுடைய பால்மாவைச் சுட்டார்.
பீப். திரையில் விலை.
பிறகு மேசைக்குக் கீழிருந்து நீலக் கொப்பியை எடுத்து
என் பெயர் போட்ட பக்கத்தில்
அதே தொகையைப் பேனாவால் எழுதினார்.
இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தார்.
ஒத்துப்போனது.
அதில் அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றம் என்று நினைக்கிறேன்.

'இது கடன் என்று
இதுக்குத் தெரியுமா, மிஸ்?' என்றார்.

என்னிடம் பதில் இல்லை.
உங்கள் கையேட்டிலும் இல்லை,
ஐம்பத்திரண்டு பக்கமும் பார்த்துவிட்டேன்.
அடுத்த மாதிரியில் அதற்கொரு பொத்தான் வையுங்கள்.
பொத்தான் இருந்தால் அறுபது.
இல்லாவிட்டாலும் இருபது அனுப்புங்கள்,
பெட்டிக்குள் உதிரி ஆணியோடு.