மூன்றாம் தெரு

குழாயில் எச்சிலைத் துப்பச் சொன்னார்கள்.
துப்பினேன். டெப்ரெசெனில் அன்று கடும் பனி,
டிராம் ஒன்று பாதி வழியில் விறைத்து நின்றது.

ஆறு வாரம் கழித்து இல்டிகோ ஒரு படம் காட்டினாள்.
புள்ளிகள். புள்ளிக்குப் புள்ளி கோடுகள்.
யாரோ கசக்கி எறிந்த கொசுவலை.

அவள் மருத்துவர் இல்லை, மின்வாரியத்தில் இருந்தவள்.
"விளக்கு அணைவது ஒரு தெருவில்,
பழுது கிடப்பது மூன்றாம் தெருவில்" என்றாள்.
பதினோரு ஆண்டு
என் நுரையீரலைத் தட்டித் தட்டிக் கேட்டார்கள்;
அதுவோ வெறும் அணைந்த விளக்கு.

மரபணுவில் ஓர் எழுத்துதான் பிசகியிருக்கிறதாம்.
அதற்கு அண்டையில் குடல்நோய்,
இரண்டு கோடு தள்ளி மூட்டுவாதம்.
வெவ்வேறு வார்டுகளில் படுத்திருந்தவை,
முகம் பார்த்துப் பேசியதில்லை,
ஒரே கம்பத்திலிருந்து மின்சாரம் இழுக்கின்றன.

மருந்தும் புதிதல்ல.
மூட்டுவலிக்கு என் மாமனார் விழுங்கிய வெள்ளை மாத்திரை.
அவர் செத்த மறுநாள்
டப்பாவோடு நான் குப்பையில் கொட்டியது.
சிரித்தேன். இருமல் வந்தது.

மூன்று மாதமாகிறது.
இரண்டாம் மாடிவரை நிற்காமல் ஏறுகிறேன்.
என் வீடு நான்காம் மாடியில்.
மீதிக்கு என்ன கணக்கு என்றதற்கு
இல்டிகோ உதட்டைப் பிதுக்கினாள்:
"படத்தில் பாதித் தெருவுக்கு இன்னும் பெயரே இல்லை."

மகன் ஜொம்போர் பெயருக்கும் ஒரு குழாய் வந்திருக்கிறது.
உப்பு டப்பாவின் பக்கத்தில்,
மூடி திறக்காமல்.
படிகளை மும்மூன்றாகத் தாவி அவன் வரும் சத்தம்.
கேட்டுக்கொண்டே நிற்கிறேன்,
கதவைத் திறக்காமல்.